அப்பா கை அசைந்த அன்று

"ஹலோ... விஜய்பாண்டியா? ஆமா, அக்காதாம்லே. காலைலேருந்து அடிக்கேன்... டூட்டியா... சரி, சரி. இல்ல, அப்பா நல்லாத்தான் இருக்காரு. பதறாத."

தென்காசியில் பிசியோதெரபி பார்க்கிற சத்யபிரியா, கிளினிக்கின் பின்வாசலில் நின்றபடி, பட்டாளத்தில் இருக்கும் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"...அம்மை சொல்லிட்டாளா? ஆமா, கை அசஞ்சிட்டு. சோத்தாங்கைதான்... ம்... சந்தோசந்தாம்லே. யாரு இல்லைன்னா?"

அவள் குரல் இறங்கியது.

"கேளு. எப்பவும் போல மொத பஸ்ஸுல கடையத்துக்கு, நம்ம வீட்டுக்குப் போனேன். தோளத் தாங்கிக்கிட்டு முழங்கைய மடக்கி நீட்டினேன். பெறகு விரல ஒவ்வொண்ணா விரிச்சு விட்டேன். திடீர்னு எம் மணிக்கட்டப் பிடிச்சாரு... ஆமா, அவராத்தான். எனக்கு அழுகையே வந்துட்டு. பிடிச்சுக்கிடுதாருன்னு நெனச்சேன்... இல்லலே. தள்ளி விட்டாரு."

"...நரம்பு இழுப்பு இல்ல. எனக்குத் தெரியாதா? நானும் மொதல்ல அப்படி நெனச்சுத்தான், 'வலிக்காப்பா'ன்னு கேட்டு மறுபடி தொட்டேன். மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு திரும்பவும் தள்ளினாரு. 'போ'ன்னாரு... ஆமா, வாயால. கொழறல்தான், ஆனா வெளங்கிச்சு. அம்மையும் கேட்டா."

வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து அப்பா அவள் முகத்தில் விழித்ததில்லை. பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகுதான் அந்த வாசலுக்குள் அவளால் கால் வைக்க முடிந்தது.

"...வேண்டாம், வேண்டாம். நீ போன் போட்டு அவரச் சத்தம் போடக் கூடாது. பிரஷர் ஏறிரும்... அவரு மேல என்னலே தப்பு? இத்தன நாளும் வேண்டாம்னு சொல்ல அவரால முடியல. நான் அதச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்... ம்... ம்... அழலலே. சளி."

"...யாரு, குத்தாலத்து மசாஜ் ஆளா? எண்ணெய் தேய்க்கவா? அதெல்லாம் நல்ல ஒடம்புக்கு. இந்தத் தோளப் போட்டு அமுக்கினா நழுவிரும். எங்க கிளினிக் அப்துல் மஜீது சார் நாளைலேருந்து போவாரு. பேசிட்டேன்... நான் போவல... போவலன்னா போவலலே. பேஷண்ட் வேண்டாம்னா நாங்க தொடக் கூடாது. மகளா இருந்தாலும் அதான்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் கையை ஆட்டிக் காத்திருக்கச் சொன்னாள்.

"நான் இனி வரலன்னு அம்மைட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே கெடப்போம்... ஆங், சரி. வைக்காத, இரு. மஜீது சார் செய்யும்போது அம்மையப் பக்கத்துல நிக்கச் சொல்லு. வலிச்சா அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. மூச்சப் பிடிச்சுக்கிடுவாரு. ஒடனே நிறுத்தச் சொல்லணும். அது வேற யாருக்கும் தெரியாது... ஹலோ? விஜயி? கேக்கா?"

லைன் அறுந்து போயிருந்தது. சத்யபிரியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மூச்சப் பாத்துக்கணும்லே" என்றாள், யாரும் இல்லாத அந்தப் பக்கத்துக்கு.