பெண்களுக்கு ஒதுக்கின டெண்டர்

— அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க தபித்தா அக்கா. நான் சொல்றது உங்க காதுல விழணும்.

— நிறுத்தினா ஆஸ்பத்திரிக்கு முந்நூறு கவுன் யாருடி தைப்பா? உட்காரு நெக்கோயே. மந்தாசி பணியாரம் சூடா இருக்கு, டீ ஊத்தவா?

— உங்க டீ உங்களுக்கே இருக்கட்டும். இந்த பங்கோமா சந்தையில எதிரெதிர்க் கடை நாம. ஒரே வருஷம் மிஷின் வாங்கினோம். கவர்மெண்டு டெண்டர்ல பொம்பளைங்களுக்குன்னு பங்கு ஒதுக்கினா, அந்தப் பொம்பளை நீங்க மட்டுந்தானா? நான் என்ன மீசை வெச்சிருக்கேனா?

— மனு போட்டேன், கிடைச்சுது. அவ்வளவுதான்.

— நானுந்தான் போட்டேன். அடையாள அட்டை, போட்டோ, கையெழுத்து எல்லாம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் மசிண்டே நாயா அலைஞ்சு கம்பெனி பதிவு பண்ணாரு. நேத்து நீங்க புதுப் பலகை மாட்டினதுலேர்ந்து எனக்கு உகாலிக் களி ஒரு வாய் இறங்கல. என் தையல் எங்க, உங்க தையல் எங்க? நீங்க வெச்ச காலர் எந்தக் காலத்துல நேரா நின்னுச்சு?

— நோயாளி காலரைப் பாத்துட்டா கட்டில்ல படுக்குறான்?

— சிரிப்பு வேற. இந்தக் காகிதத்தைப் படிங்க. புகார். கம்பெனி பேருக்குத்தான் உங்களுது, நிஜத்துல நடத்துறது உங்க வீட்டுக்காரர்னு எழுதியிருக்கேன்.

— அந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதுடி.

— அதை டெண்டர் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள இதைக் கொடுத்துட்டு வந்துடுவேன். உங்க ஒப்பந்தம் ரத்து, பலகையும் இறங்கும்.

— நெக்கோயே, கேளு. என்னைத் திட்டணுமா, சந்தை நடுவுல நின்னு திட்டு. அந்த ஆபீஸுக்கு மட்டும் போகாத.

— ஆஹா, பயம் வந்துடுச்சு.

— எனக்கென்ன பயம். அங்க புருஷனை வெளிய உட்கார வெச்சுட்டு, பொம்பளையைத் தனியாக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. ஒரு கவுனுக்கு எத்தனை மீட்டர், எத்தனை பேரு தைக்கிறாங்க, பேங்குல யார் கையெழுத்துன்னு. அரை மணி நேரம் பதில் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— என்னை ஏன் கூப்பிடல? அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே.

— சொல்லியிருப்ப. எனக்குத் தெரியாதா.

— அப்போ யாரையோ பிடிச்சு என் பேரை அடிச்சுட்டீங்க.

— உன் பேரு பட்டியல்லயே இல்லடி.

— மசிண்டே டெண்டர் போடலைன்னா சொல்றீங்க?

— போட்டாரு. எனக்கு முந்தி அவர் போட்ட கம்பெனியைத்தான் கூப்பிட்டாங்க. மீட்டர் கணக்குக்கே பதில் வரல. அதான் என்கிட்ட வந்துச்சு.

— பதில் வரலையா? கம்பெனி என்னுது. நான் போகலையே, யார் போனா?

— வேணாம்டி. எழுந்து வீட்டுக்குப் போ.

— என் அட்டையைக் காட்டி எவளையாவது கூட்டிட்டுப் போனாரா?

— உன் அட்டை எதுக்கு, அவளுக்கே சொந்த அட்டை இருக்கு, கம்பெனியும் அவ பேருலதான். மசிண்டே சம்சாரம்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனா. அவ திரும்பி வர்ற வரைக்கும் கைக்குழந்தையை என் மடியில வெச்சிருந்தேன். மூக்கு அப்படியே மசிண்டே.