சப்பென்ற கரும்பு ஜெயித்த கதை

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அம்மா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் விஞ்ஞானப் பெருமக்களே, அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு ஓடிவந்த தோழர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, எனக்குப் ‘புரொபசர்’ என்று பட்டப்பெயர் வைத்த சோதனைக்கூடத் தம்பிகளே! எல்லாருக்கும் இந்தப் புரொபசரின் வணக்கம்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று நானும் சிரிக்கிறேன்!

முப்பத்தொரு வருடம் இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவன் நான். சுவரில் ஒட்டிய விளக்கத் தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்தவன். மரபணுவை மாற்றி, இரத்தத்தில் மெல்லக் கலக்கும் வேறொரு சர்க்கரையைக் கரும்பிலேயே விளைவிக்கப் போகிறோம் என்றது ஒரு தாள். பதினொரு வருடமாகச் சர்க்கரை இல்லாத தேநீர் குடிக்கும் என் மனைவியிடம் ஓடிச் சொன்னேன்.

“முதல்ல விளையட்டும். அதுக்குள்ள அளக்காதீங்க” என்றாள்.

விளைந்தது, பன்னிரண்டு தூர்! ஆனால் நம் பண்ணையின் பழக்கம் என்ன? சாற்றில் என்னென்ன சர்க்கரை என்று பிரித்துச் சொல்லும் கருவியில் வைக்குமுன் கடித்துப் பார்ப்பது. இனித்தால் சோதனைக்கூடத்துக்கு, இனிக்காவிட்டால் ஏருக்கு. அந்தத் தாளை எழுதிய நம் பண்ணைத் துணைத்தலைவரே கடித்தார், துப்பினார்.

“சப்புன்னு இருக்கு. மதியத்துக்குள்ள உழுதுடுங்க.”

அந்தச் சர்க்கரைக்குப் பாதி இனிப்புதான் என்று தாளிலேயே இருக்கிறதே! எழுதியவர் மறக்கலாமா? எழுத்துக்கூட்டியவன் மறக்கவில்லை. அது எளிதில் புளிக்காது என்றும் தாளில் இருந்தது. முந்தைய நாளே பழைய கரும்பு, புதிய கரும்பு இரண்டின் சாற்றையும் குவளைகளில் பிழிந்து வைத்திருந்தேன். பழைய கரும்பின் சாறு நுரைத்துப் புளித்தது. புதியது அவ்வளவாகப் புளிக்கவில்லை!

டிராக்டர் வந்தது. “இதுதான் சார் அந்தச் சர்க்கரை” என்று குறுக்கே நின்றேன்.

“பெரியவரே, நகருங்க. உங்க நாக்கு செத்துப்போச்சு” என்றார் துணைத்தலைவர்.

“செத்தா சாகட்டும் சார். கருவி உசுரோடதானே இருக்கு? ஒரு தடவை வெச்சுப் பாருங்க. இல்லேன்னா என்மேல ஏத்துங்க.”

பொறுங்கள், அதற்குள் கைதட்டாதீர்கள்! வைத்தார்கள். வந்த சர்க்கரையில் பாதிக்கு மேல் எது? புதிய சர்க்கரை! பல வருடம் தேடியது, ஏருக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது!

அன்று மாலை துணைத்தலைவர் என் கையைப் பிடித்தார். “அண்ணே, மன்னிச்சுடுங்க.”

“மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண? கடிச்சுப் பாத்து உழுற விதியை மாத்துங்க” என்றேன்.

மூன்று மாதம் அலையவிட்டார்கள். விட்டேனா? இன்று காலை இயக்குநர் அம்மா கையெழுத்திட்டார்: கருவி சொல்லாமல் இந்தப் பண்ணையில் இனி ஒரு தூரும் உழப்படாது! இப்போது தட்டுங்கள், தோழர்களே, கூரை அதிரத் தட்டுங்கள்!

கையெழுத்திட்ட அம்மாவுக்கும், காதுகொடுத்த உங்களுக்கும் நன்றி. துணைத்தலைவரே, இப்போது மன்னித்தேன். வணக்கம்!