பன்னிரண்டுக்குக் கீழே ஒரு வரி

— பதிமூணு பேரு, ஹோரஸ். பன்னெண்டு இல்ல.

— கோயில்ல வச்சுக் கத்தாத, வின்னி. பாதிரியார் உள்ளதான் இருக்காரு.

— இருக்கட்டும். பலகையில என்ன எழுதியிருக்க? “நெதர்காமிலிருந்து பெரும்போருக்குச் சென்ற பன்னிருவரும் உயிருடன் திரும்பினர்.” அப்ப என் அண்ணன் ஜெத்ரோ எங்க போனான், சந்தைக்கா?

— அட விடு. நாப்பது வருஷம் ஆச்சு.

— ஞாயித்துக்கிழமை திரை விலக்கப் போறீங்க. பெயிண்டு காயறதுக்குள்ள அவன் பேரச் சேத்துடு. கீழ ஒரு வரி காலியாத்தான கெடக்கு?

— அது அழகுக்கு விட்டது. சேத்தா அப்புறம் நம்ம ஊருக்கு என்ன இருக்கு? சுத்துவட்டாரத்துல எல்லா ஊர்லயும் போர்ல செத்தவங்க பேரு வெட்டின கல்லு நிக்குது. நம்ம ஊர்ல மட்டும்தான் இல்ல. அதுக்காகத்தான் வெளியூர் சனங்க பஸ் புடிச்சு வராங்க.

— அவங்க வந்து டீ குடிக்கணும், அதுக்கு என் அண்ணன் பொறக்காமலே இருந்திருக்கணும்.

— எதிரி சுட்டா செத்தான்? பதுங்கு குழிய விட்டு ஓடினான். சுட்டுக் கொல்லணும்னு பட்டாளக் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு.

— தெரியும். கடுதாசியில மூணு வரி. அவனுக்குப் பத்தொம்பது வயசு.

— சரி, அந்த ஏணியப் புடி. மேல துடைக்கணும். வலது தோளு வாதம், தூக்க முடியல.

— மதுக்கடையில கோப்பையத் தூக்கறப்ப மட்டும் வராதோ?

— அத இடது கையால தூக்கறேன்.

— ஒண்ணு கேக்கறேன். போர் முடிஞ்ச நாளு, நவம்பர் பதினொண்ணு வந்தா நீதான் போனவங்க பேர் வாசிக்கற. மத்த பதினோரு பேரும் செத்துப் போயாச்சு, ஆளுக்கு ஒரு மணி அடிக்கறாங்க. உன் பேருக்கு நீயே “இருக்கேன் ஐயா”ங்கற. அதோட முடிஞ்சுது. ஆனா உடனே உக்கார மாட்டேங்கற. எதுக்கு நிக்கற?

— மூச்சு வாங்க.

— பொய். இன்னொரு குரலு கேக்குது. எனக்கும் கேக்குது.

— உனக்குமா?

— வருஷா வருஷம். சளி புடிச்ச குரலு. “இருக்கேன் ஐயா.” அவன்தான்.

— நான் அவன் பேரக் கூப்பிடறதே இல்லயே.

— அதான் ஏன்னு கேக்கறேன். ஓடினவன்னு எழுது. எனக்கு வெக்கமில்ல.

— எழுதினா யாரு சுட்டாங்கன்னு கேப்பாங்க.

— யாரு?

— சொந்த ஊர்க்காரங்களே சுடட்டும்னாரு அதிகாரி. மத்தவங்களுக்குப் பாடமாம். பன்னெண்டு பேரு வரிசையில நின்னோம்.

— பன்னெண்டா.

— அதிகாரி பேர் வாசிச்சாரு. ஒவ்வொருத்தரா “இருக்கேன் ஐயா”ன்னோம். ஜெத்ரோவுக்குக் கண்ணக் கட்டியிருந்துச்சு. எங்க பேரு முடிஞ்சதும், பழக்கத்துல, அவனும் சொன்னான்.

— நீ திரும்பி வந்தன்னிக்கு எங்கம்மா உன்னக் கட்டிப்புடிச்சு அழுதாளேடா!

— அழுதாங்க.

— நீ நின்னுக்கிட்டிருந்த.

— ஒரு துப்பாக்கியில மட்டும் குண்டில்லாத வெத்துத் தோட்டா. யாருதுன்னு சொல்லல. ஆளாளுக்கு அது தன்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு ஊரு வந்து சேந்தோம். அப்படியே நெனச்சுக்கிட்டுச் செத்தாங்க பதினோரு பேரும்.

— நீயும் அப்படியே போயிடலாம்னு பாத்தியா?

— அந்தக் காலி வரி அவனுக்கு விட்டதுதான். தூரிகைய நீ புடி. என் தோளு விடாது.

— வாதம், இல்ல?

— வெத்துத் தோட்டா போட்ட துப்பாக்கி தோள்ல உதைக்காது, வின்னி. என்னோடது உதைச்சுது.