ஒரே நோட்டுத்தாள், இரண்டு பெரிய பிடில்

கிருபாபாய்: ...மாட்டேன்னா மாட்டேன் வாத்தியாரே. நாளைக்கு ஈஸ்டருக்கு நான் வாசிக்கத்தான் போறேன்.

ஐயாதுரை: செத்த மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா. பாதிரியார் காதுல விழுந்துரப் போவுது.

கிருபாபாய்: விழட்டுமே! நம்ம பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மா சீமைக்குக் கப்பலேறும்போது இந்தப் பெரிய பிடில் ரெண்டையும் நம்ம கையிலதானே குடுத்துட்டுப் போனாக? நேத்து வந்த பாதிரியார் என் பிடிலை வாங்கி, ஆம்பளைங்கிறதுக்காக தவசிமுத்துகிட்ட குடுப்பாராம்.

ஐயாதுரை: சர்ச்சுல ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம். நாம ஒரே மேஜையில எதிரெதிரா உக்காந்தா சபை என்ன பேசும்னு யோசிக்காரு...

கிருபாபாய்: பள்ளிக்கூடத்துல இம்புட்டு நாளும் அப்படித்தானே உக்காந்தோம்? வண்டிக்காரச் சிவனாண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே பாக்கலியா?

ஐயாதுரை: சிவனாண்டி பாக்குறது வேற, சபை பாக்குறது வேற.

கிருபாபாய்: அப்ப நான் பொம்பளைக பக்கம், நீங்க ஆம்பளைக பக்கம். வாசிச்சாப் போச்சு!

ஐயாதுரை: பாட்டு நோட்டுத்தாளு? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தாளுக் கட்டுதானே. மேல் வரி எனக்கு, கீழ் வரி ஒங்களுக்கு. நடுவுல மிதக்க விடவா?

கிருபாபாய்: கையால படி எடுக்கேன்.

ஐயாதுரை: அம்புட்டுப் பக்கத்தையும் விடியுறதுக்குள்ளயா? எழுதுனாலும், நேரா வச்சா ஒங்களுக்கு வாசிக்க வருமா?

கிருபாபாய்: அது யாரு குத்தம்? தாளு எப்பவும் ஒங்க பக்கம் பாத்துதான் கிடக்கும். எதிர்ல உக்காந்து தலைகீழாவே படிச்சுப் பழகிட்டேன்.

ஐயாதுரை: சீமையில தேடினாலும் இப்படி ஒரு ஆளு கிடைக்காது.

கிருபாபாய்: சிரிங்க, சிரிங்க. தலைகீழாப் படிச்சுத்தான் சின்னப் பிள்ளைப் பாட்டுல தொடங்கி பாதிக் கட்டு தாண்டிட்டேன். அடியில ஒண்ணு கிடக்கே, ஒரு பிடில் முன்னால போக மத்ததெல்லாம் பின்னால வருமே...

ஐயாதுரை: கன்செர்ட்டோ.

கிருபாபாய்: அதையும் ஒரு நாள் வாசிப்பேன். முன்னால போற பிடில் என்னோடது.

ஐயாதுரை: அப்ப நான்?

கிருபாபாய்: பின்னால வாங்க. மொதல்ல நாளைக்கு வழி சொல்லுங்க. எங்கப்பா நான் வாசிக்கிறதைக் கேக்கன்னே ராஜபாளையத்துல இருந்து வண்டி கட்டி வாராக. தவசிமுத்து வாசிக்கிறதையா கேட்டுட்டுப் போவாக?

ஐயாதுரை: டீச்சரம்மா... நீங்களே வாசிக்கலாம். பொம்பளைக பக்கம் உக்காந்து, தாளைத் தலைகீழா வச்சுக்கிட்டு.

கிருபாபாய்: எந்தத் தாளை?

ஐயாதுரை: இன்னொரு காப்பி இருக்கு.

கிருபாபாய்: எங்க?

ஐயாதுரை: எம் பெட்டியில... வேட்டிக்கு அடியில. ஆளுக்கு ஒண்ணு இருக்கட்டும்னு துரைசானியம்மா சீமைக்குப் போய் அனுப்பி வச்சாக. போன மழைக்கே வந்துட்டுது.

கிருபாபாய்: ஒளிச்சு வச்சீகளாக்கும்?

ஐயாதுரை: ஆளுக்கு ஒண்ணுன்னா ஆளுக்கு ஒரு மூலையில உக்காரணுமே! ஒரே தாளுன்னாத்தான் நீங்க எதுத்தாப்புல... எனக்கு ஒங்க மேல பிரியம். அதுக்காக ஒங்க பிடில் இன்னொருத்தன் கைக்குப் போறதைப் பாக்க மனசு வரல. சொல்லிட்டேன். கோவமா?

கிருபாபாய்: நாளைக்கு வாசிச்சு முடிச்சதும், இதே மாதிரி திக்காம எங்கப்பாகிட்டயும் சொல்லிருங்க.

ஐயாதுரை: தாளை ஒளிச்சதையுமா?

கிருபாபாய்: அதை நான் சொல்லிக்கிடுதேன். சாத்தூரு ஸ்டேஷன்ல இருந்து சிவனாண்டி அந்தப் பார்சலை மொதல்ல எங்கிட்டத்தான் கொண்டாந்தான். பிரிச்சுப் பாத்துட்டு, மறுபடி கட்டி, வாத்தியார்கிட்ட குடுன்னு அனுப்புனவ நான்தான். நீங்க மறுநாளும் பழைய தாளையே மேஜையில விரிச்சீக பாருங்க... அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி.