தண்ணீர் பிடிக்காத பூ

“உனக்குக் கோபமே வராதாடி?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

பெரியம்மாவின் மகள் அவள். பெரியம்மா போன பிறகு, தன் வீட்டோடு வந்து இருந்து பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட வந்திருந்தாள். “அம்மா கத்தின கத்துக்கு வேற யாரா இருந்தாலும் ஓடியே போயிருப்பாங்க. நீ முகம் கோணாமப் பார்த்துக்கிட்டே.”

குழந்தையை ஒப்படைக்கும் முன் கேட்கிறாள். ஒளிக்காமல் சொல்வதுதான் முறை என்று பட்டது. எனக்குப் பொதுவாகப் பேச்சு வராது. அன்று கோவையாக வந்தது. பூவிலிருந்து ஆரம்பித்தேன்.

ஊருக்கு வெளியே பாலை மணலில், மழை பெய்தால் மட்டும் தலைகாட்டும் ஊதாப் பூ. சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. மற்ற நாளெல்லாம் விதையாகவே தூங்குவதால் அம்மா அதற்குச் சோம்பேறி என்று பேர் வைத்திருந்தாள். சாவதற்கு முன் அவள் பொறுக்கி வைத்த விதை ஒரு சிட்டிகை இருந்தது. பெரியம்மா வீட்டுக்கு நான் கொண்டுவந்த சொத்து அதுதான். மொத்தத்தையும் விதைத்துவிட்டேன்.

சோம்பேறியை வளர்க்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால்தான் முளைக்கும். பால்பவுடர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் பொடிக்கல்லும் நிரப்பினேன். மேலே ஊற்றவே கூடாது. டப்பாவைத் தட்டுத் தண்ணீரில் வைத்து, மேல்மணல் கறுத்ததும் எடுத்துவிட வேண்டும். பிறகு நன்றாகக் காயும்வரை விட்டுவிட வேண்டும். உச்சி வெயிலில் இலையை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். சாயங்காலம் தானாக எழுந்துகொள்ளும். பெரியம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தேன். “செடியும் உன்னை மாதிரியே அழுத்தம்” என்று சிரித்தாள்.

அது மொட்டு விட்ட சமயம் அக்காவுக்குப் பிரசவம். எனக்கு இறுதித் தேர்வு. “ஒரு வருஷம் எழுதாட்டி குடியா முழுகிடும்?” என்று பெரியம்மா என்னை அக்கா வீட்டுக்கு அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது டப்பாவில் சேறு இருந்தது. தண்டு அடியில் கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது.

“தினம் வாடிக் கிடந்துச்சுடி, பாவம். வயிறு நிறைய ஊத்தினேன். தரையெல்லாம் ஒழுகுச்சு, ஓட்டையில துணியை வச்சு அடைச்சேன்.”

பள்ளிக்குப் போகிறேன் என்றேன்.

“உன் படிப்புக்கெல்லாம் தண்ணி தெளிச்சாச்சு. இஸ்திரிக் கடைக்கு ஆள் வேணும்.”

சரி பெரியம்மா என்றேன்.

அடுத்த வருஷம் பெரியம்மாவின் இதயம் தளர்ந்தது. உடம்பில் நீர் சேரக் கூடாது என்ற டாக்டர், என்னிடம் ஒரு சிறிய சொம்பைக் காட்டினார். “ஒரு நாளைக்கு இவ்வளவுதான். தாகம்னு கெஞ்சுவாங்க. இரக்கப்பட்டுடாதீங்கம்மா.”

பெரியம்மா கேட்டாள். நான் கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான். அக்கா போனில் “சொம்பு காலியாச்சா?” என்பாள். காலி என்பேன். எத்தனை முறை நிரப்பினேன் என்று அவள் கேட்டதில்லை. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. கவனிப்பில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். “நீ ஒருத்திதான்டி என் மனசு அறிஞ்சவ. அந்த டாக்டருக்கு நெஞ்சுல ஈரமே இல்லை” என்றாள். அவள் நெஞ்சில் அப்போது நிறைய இருந்தது.

கடைசி நாளிலும் கேட்டாள். டம்ளரை உதட்டில் வைத்து, “தினம் வாடிக் கிடக்குறீங்க, பாவம்” என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். புரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். புரியாமல் போயிருந்தால் நான் பட்ட பாடெல்லாம் வீண்.

“கோபம் வந்திருந்தா அன்னைக்கே கத்தித் தீர்த்திருப்பேன் அக்கா” என்று முடித்தேன். “எனக்குக் கோபமே இல்லை. தெரிஞ்சேதான் கொடுத்தேன். பெரியம்மா செத்தது அதனாலதான். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லை. இவன் பொறந்த நேரம் அப்படி. குழந்தை என்ன பண்ணும்?”

பையன் என் மடியில் உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் அழுதான். என்னிடம் வர மறுபடி கையை நீட்டினான். குழந்தைகளுக்கு என்னைப் பிடிக்கும்.

“எப்போ வரட்டும் அக்கா?” என்று கேட்டேன்.

அவள் பையனை இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.