மூன்றாவது மணி அடிக்கும் முன்

நூலகத்துக்கு வருகிறவர்கள் அதிகமாகக் கேட்கிற கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான். அடுத்தது, பிரிண்டர் ஏன் மக்கர் செய்கிறது என்பது. புத்தகம் பற்றிய கேள்வி அதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

இதை ஏன் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள், சார்ஜென்ட். நனீசேயைப் பற்றிக் கேட்டீர்கள். என் மேசையைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. தக்குவா மரத்தில் செய்த உயரமான மேசை அது. எதிரே நிற்கும் மாணவனுக்குக் கழுத்துக்கு மேல்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். துவாலு, டோங்கா தீவுகளிலிருந்து வரும் பிள்ளைகள் “உனைசி அம்மா” என்று தயங்கித் தயங்கிக் கூப்பிடுவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். மரியாதை என்பது கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டிய பொருள்.

பிறகு நிர்வாகத்துக்குச் சேவையின் தரத்தை உயர்த்தும் ஆசை வந்தது. மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். வரிசை நகர்வதில்லை, கேட்ட புத்தகம் கிடைப்பதில்லை, மேசையில் இருப்பவர் சிரிப்பதில்லை என்று பிள்ளைகள் சொன்னார்களாம். எங்கள் இயக்குநர் பெதெலி என்னைக் கூப்பிட்டு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், உதவிக்கு ஓர் ஆளைப் போடுகிறேன் என்றார். வெளிநாட்டில், டனீடினில் படித்துவிட்டு வந்திருந்த நனீசேயைப் போட்டார்.

நனீசே என் தாய்மாமன் மகள். மாமன் மகளும் அத்தை மகளும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்கிறவள்தான் தோற்றவள் என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் எங்கள் தைலெவுப் பக்கத்துக்காரர்தானே. அவள் என்னை மதினி என்பாள். வந்த முதல் நாளே, எல்லோர் முன்னாலும், “என்ன மதினி, மரவள்ளிக் கிழங்க வேகாம தின்ன மாதிரி மொகத்த வச்சிருக்கீங்க?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை.

அவள் கெட்டிக்காரி. அதை நான் மறுக்கவில்லை. என் மேசையை எடுத்துவிட்டு வாசலுக்குப் பக்கத்தில் தாழ்வான வட்ட மேசையைப் போட்டாள். மாணவர்களோடு தோளுக்குத் தோள் உட்கார்ந்து தேடிக் கொடுத்தாள். வெளித்தீவுகளில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கப்பலில் புத்தகம் அனுப்பினாள். தொலைபேசி மூன்றாவது தடவை அடிக்கும் முன் எடுக்க வேண்டும், எடுத்ததும் “புலா வினாகா, நூலகம். நான் என்ன உதவி செய்யட்டும்?” என்று சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கினாள். யாரையாவது காத்திருக்க வைத்தால் அவர்கள் காதில் கிட்டார் இசை ஒலிக்கும்படி செய்தாள். அந்த இசையைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே.

ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் இடத்தில் நனீசே எழுதிய ஓர் அட்டை நின்றது. ‘பயப்படாதீர்கள், இந்த அம்மா கடிக்க மாட்டார்.’ பிள்ளைகள் அதோடு என்னைச் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றும் சிரித்தேன்.

கேட்ட புத்தகத்தை மறுநாளைக்குள் கையில் கொடுப்போம் என்று நனீசே வாசலில் எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் புத்தகங்களை இடம் மாற்ற ஆரம்பித்தேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தை இல்லாமல் செய்வதற்கு அதைக் கிழிக்கவோ எரிக்கவோ வேண்டியதில்லை. நாலு அலமாரி தள்ளிச் செருகிவிட்டால் போதும். மண்ணியல் புத்தகத்தை மகப்பேறு வரிசையில் வைத்தால் அது செத்த மாதிரிதான். யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஒரு சமோவாப் பெண் தேர்வில் தோற்று ஊர் திரும்பினாள். அது அவளாகவும் தோற்றிருக்கலாம்.

ஆனால் நனீசே அசரவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலமாரி அலமாரியாகப் போய்த் தேடி எடுத்துவந்தாள். ஒளித்துவைத்த உழைப்பு என்னுடையது. கண்டுபிடித்த பாராட்டு அவளுக்கு.

தெபானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிபாஸ் தீவுக்காரன். குடும்பஸ்தன். கடல் அரிக்கும் கரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவன். அவன் தேடிய பழைய கரை வரைபடங்களைக் கீழ்த்தளத்தில் தூசிக்குள் கிடந்து தேடி எடுத்தவள் நான். அவை இல்லாமல் அவன் ஆய்வு இல்லை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கருவாடு கொண்டுவருவான். ஆய்வேடு அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை நூலகத்தில் கொடுத்தான். நான் நேரே நன்றியுரையைத்தான் திருப்பினேன். ‘வாசலில் எப்போதும் புன்னகையோடு இருந்த நனீசேக்கு’ என்று இருந்தது. கீழே நூலக ஊழியர்களுக்கும் நன்றி என்று போட்டிருந்தான். நான் ஊழியர்களில் இருந்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. நனீசேதான் அவனிடம், மதினி பெயரையும் போட்டிருக்கலாமே என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எனக்காக அவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் அந்த ஆய்வேட்டைக் கீழ்த்தளத்தில் கடைசி வரிசையில் செருகினேன்.

இனி அந்த மழை நாள். கீழ்த்தளம் சரிவைக் குடைந்து கட்டியது. பழைய ஆய்வேடுகளெல்லாம் அங்கேதான். ஒரு காலத்தில் சாமான் கிடங்காக இருந்ததால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மாணவர்களுக்கு அதையும் திறந்துவிட வேண்டும் என்று நனீசே வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, சுவரில் ஒரு தொலைபேசியும் வைத்திருந்தாள். எடுத்தால் நேராக மேலே வட்ட மேசையில் அடிக்கும். வேறெங்கும் போகாது. வாசகருக்குச் சிரமம் இருக்கக் கூடாது பாருங்கள்.

மதியத்திலிருந்தே கொட்டியது. பெதெலி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தேர்வு நேரம், மேலே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பின்புறச் சாக்கடை அடைத்துக் கீழே தண்ணீர் கசிகிறது என்று யாரோ சொன்னார்கள். நனீசே தன் கைபேசியை வட்ட மேசையில் சார்ஜில் போட்டாள்.

“கீழ் வரிசைய மட்டும் மேல ஏத்திட்டு ஓடி வந்துடறேன் மதினி. நீங்க பிள்ளைங்கள பாத்துக்குங்க.”

கொஞ்ச நேரம் கழித்து நானும் இறங்கினேன். உதவிக்குத்தான் போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தது. அவள் கணுக்கால் தண்ணீரில் எனக்கு முதுகு காட்டி நின்று, தெபானோவின் ஆய்வேட்டைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த அட்டையைவிட இது பெரிய விளையாட்டு இல்லை என்றுதான் அப்போது தோன்றியது.

மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது. மூன்றாவது மணிக்கு முன்பே எடுத்தேன். “புலா வினாகா, நூலகம். நான் என்ன உதவி செய்யட்டும்?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “சரி மதினி, ஒத்துக்கறேன். நீங்க கடிப்பீங்க. இப்ப வந்து தெறங்க.”

சற்றுக் காத்திருக்கும்படி சொல்லி இசையைப் போட்டேன். பிரிண்டரில் தாள் சிக்கிய ஒரு பையனுக்கு எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு பெண்ணுக்கு மேற்கோள் எழுதும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தே காட்டினேன்.

மறுபடி அடித்தது. விளக்கு போய்விட்டது, முட்டிக்கு மேலே தண்ணீர் நிற்கிறது, இது விளையாட்டு இல்லை என்றாள். குரல் மாறியிருந்தது. அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் கோரிக்கையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னேன்.

மூன்றாவது முறை அவள் அழவில்லை. மெதுவாகப் பேசினாள்.

“மதினி, புத்தகத்தையெல்லாம் எடம் மாத்தினது நீங்கதான்னு எனக்கு மொதல்லேர்ந்து தெரியும். யார்கிட்டயும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன். கதவத் தெறங்க மதினி, பயமா இருக்கு.”

உண்மையைச் சொல்கிறேன், அதுவரை திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுந்துகூட விட்டேன். ஆனால் அவள் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறாள். நான் ஒளித்துவைக்க, அவள் தேடி எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து ஒன்றும் தெரியாத மாதிரி சிரித்திருக்கிறாள். அந்தப் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு நான் தினமும் அவள் பக்கத்தில் எப்படி உட்காருவது? கிட்டார் இசையைப் போட்டுவிட்டு ரிசீவரை மேசைமேல் வைத்தேன்.

சரிவு மண்ணைத் தாங்கி நின்ற பின்புறத் தடுப்புச் சுவர் சரிந்தபோது கட்டடமே ஒருமுறை குலுங்கியது. என்ன சத்தம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இடி என்றேன். நனீசே அக்கா எங்கே என்றார்கள். மழை வலுக்கும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். ஒவ்வொருவரையும் குடை பிடித்துப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். அன்று என்னிடம் வந்த ஒருவரும் முகம் சுளித்துப் போகவில்லை. பிறகு கீழே போய்த் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவு அசையவில்லை, உள்ளே சேறு அடைத்திருந்தது. அதனால்தான் எல்லோரும் விபத்து என்றீர்கள்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதற்குக் காரணம் கேட்டீர்கள். நேற்று தேவாலயத்தில் அவளுக்காக நடந்த பிரார்த்தனையில் பெதெலி எழுந்து, புத்தகங்களுக்காக உயிரைக் கொடுத்தவள் நனீசே, கீழ்த்தளத்தைச் சரிசெய்து அவள் பெயரையே வைக்கப் போகிறோம் என்று அறிவித்தார். மக்கள் விம்மி அழுதார்கள். பத்திரிகையிலும் அப்படியே போட்டிருக்கிறது. அது தவறான தகவல். கேட்கிறவருக்குச் சரியான தகவலைக் கொடுப்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. அவள் உயிரைக் கொடுக்கவில்லை, சார்ஜென்ட். நான் எடுத்தேன். தாழ்ப்பாளைத் தெரிந்துதான் போட்டேன், தெரிந்துதான் திறக்காமல் இருந்தேன்.

எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் அடக்கத்துக்குத் தெபானோ தன் ஊர் தாரவாவிலிருந்து விமானம் ஏறி வருகிறானாம். செத்தது நானாக இருந்தால் வந்திருப்பானா என்று ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.