பாதியைக் கொட்டச் சொன்னாள்

ஐயா, முதலில் இந்த டீக்கு நன்றி. இந்தப் போடிமெட்டுச் செக்போஸ்ட் குளிருக்கு டீ கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருந்தால்தான் நாக்கில் ஏறுகிறது. டீயைத் தவிர வேறெதையும் நான் குடித்துப் பழகியவன் இல்லை. போடியில் ஏலக்காய்க் கடை ஜெபமணி என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தால்கூட வாங்க மாட்டேன், வயிறு உப்பிக்கொள்ளும். ஆகவே வெளியே ஜீப்பில் இருக்கும் நீல டிரம்களில் சாராய ஊறல் இருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்படுவது சரியில்லை. நுரைக்கிறது, புளித்த வாடை அடிக்கிறது, மூடியைத் திறந்தால் கண் எரிகிறது என்கிறீர்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஊறல் இல்லை, பிரெட்டு போடுவதற்கான புளிச்ச மாவு. தயிருக்கு உறைமோர் எப்படியோ பிரெட்டுக்கு அது அப்படி. ஸ்டார்ட்டர் என்று பெயர்.

நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் ஆரம்பம் என் மனைவி ஷீலாவின் வயிறு. அவளுக்கு டீயும் பன்னும் என்றால் உயிர். அப்படிப்பட்டவளைப் பார்த்து மதுரை டாக்டர், இனி ஆயுளுக்கும் கோதுமை, மைதா கூடாது என்று சொல்லிவிட்டார். அதில் இருக்கும் குளூட்டன் அவளுக்கு ஆகாதாம். கையில் ஒட்டின மாவு போனால்கூடக் குடல் புண்ணாகிவிடுமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குத் தனிச் சப்பாத்திக் கட்டை, தனித் தட்டு, தனி அலமாரி. பேக்கரியைத் தாண்டும்போது மட்டும் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டச் சொல்வாள். நான் பன் வாங்கிக் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிடுவாள். எனக்கு மனசு வலிக்கும். வலியோடுதான் அந்தப் பன்னைத் தின்பேன்.

பிறகு செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து, கம்பு மாவும் சிவப்பரிசி மாவும் தண்ணீரும் கலந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்தாள். கோதுமையே இல்லாத பிரெட்டு வருமாம். மாவு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கப் பாட்டிலைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு போட்டாள். சில நாள் சும்மா கிடந்தது. ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, வெரசா வாங்க. மூச்சு விடுது."

போய்ப் பார்த்தேன். மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறி நின்றது. ஷீலா அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே அழுததில்லை. அதற்காக எனக்கு அந்தப் பாட்டில் மேல் பொறாமை எதுவும் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் மகள் ஜாக்குலினுக்குக் கோயம்புத்தூரில் பிரசவம். ஷீலா துணைக்குப் போக வேண்டியதாயிற்று. பஸ்சில் ஏறி உட்கார்ந்தபிறகும் ஜன்னல் வழியே பாட்டிலைப் பற்றித்தான் பேசினாள்.

"தெனமும் காலைல பாதிய எடுத்துக் கொட்டிருங்க. மிச்சத்துக்கு ஒரு கை மாவு, ஒரு கை தண்ணி. அம்புட்டுத்தான் சோலி. நான் வந்ததும் மொத பிரெட்டு போடணும். செத்துகித்துப் போச்சுன்னா உங்களச் சும்மா விடமாட்டேன், ஆமா."

ஐயா, நீங்கள் ஏலக்காய் வியாபாரம் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. எங்கள் கடையில் சரக்கு வந்தால் சலித்து, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று காய் பருமனைப் பார்த்துத் தரம் பிரிப்போம். வெடித்த காய்க்குத் தனி விலை. உதிர்ந்த விதைக்குத் தனி விலை. சாயங்காலம் தரையைக் கூட்டி எடுக்கிற தூசிக்குக்கூட ஆள் வருவான். எதையும் கொட்டுவது என்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. முதல் நாள் பாதி மாவைக் கரண்டியில் எடுத்துச் சாக்கடை ஓரம் போய் நின்றேன். அது கரண்டியிலேயே குமிழி விட்டது. உயிரோடு இருப்பதை எப்படிக் கொட்டுவது? திரும்ப வந்து ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். தனியாக வைத்தால் அதற்கும் பசிக்கும் அல்லவா, அதற்கும் ஒரு கை மாவு போட்டேன்.

மறுநாள் இரண்டு பாட்டிலிலும் பாதி பாதி எடுத்தேன். அதற்கடுத்த நாள் நாலில். இதில் கணக்குத் தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் செய்ய வேண்டியது நியாயமாகத்தான் தெரிந்தது.

பாட்டில் தீர்ந்ததும் டிபன் கேரியர். டிபன் கேரியர் தீர்ந்ததும் குக்கர். அடுப்பே பற்றவைக்காமல் குக்கர் விசில் அடித்தது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. அப்புறம் வாளி, கிரைண்டர், சர்ச்சில் பிரியாணிக்கு வைத்திருக்கும் அண்டா. பாத்திரம் எதுவும் மிச்சம் இல்லாததால் நான் ஓட்டலில் பரோட்டா தின்றேன். கட்டில் வெதுவெதுப்பாக இருக்குமென்று அதில் அண்டாவைப் படுக்க வைத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். சும்மா வைத்திருந்தால் எது எதுவென்று தெரியாதே என்று குமிழியின் பருமனைப் பார்த்துத் தரமும் பிரித்தேன். எட்டு எம்.எம். குமிழி ஹாலில். ஏழு எம்.எம். அடுப்படியில். சோம்பேறிகள் குளியலறையில்.

இறுக்க மூடினால் வெடிக்கிறது, திறந்து வைத்தால் ஈ மொய்க்கிறது. மெல்லிசான துணி கட்ட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் தேடியதில் பீரோவில் ஷீலா கல்யாணத்துக்குத் தலையில் போட்ட நெட்டு இருந்தது. நல்ல சன்னமான துணி, காற்று நன்றாகப் போகும். இத்தனை வருஷமாகச் சும்மாதானே மடித்துக் கிடக்கிறது என்று சதுரம் சதுரமாக வெட்டினேன். ஓரத்துப் பூவேலையை மட்டும் வெட்டாமல் விட்டேன். அந்த அளவுக்கு எனக்கு விவஸ்தை உண்டு.

பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வி நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். மறுநாள் விடியற்காலையில் அவள் வாசலில் ஒரு பாட்டிலை வைத்து, குளிரும் என்று துண்டு சுற்றி, கோலத்தில் மிதிபடாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தேன். எல்லாக் குழந்தையையும் ஒரே வீட்டில் வளர்க்க முடியாது. அவள் அதைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தாள்.

"ஏண்ணே, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அக்கா வரட்டும், அத்தனையும் சொல்றேன்."

"அதுக்குப் பசிக்கும், தங்கச்சி. குடுத்துட்டுப் போ" என்று வாங்கிக்கொண்டேன். நல்ல பெண்தான். பொறுப்பு மட்டும் இல்லை.

ஷீலா தினமும் போன் செய்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு என் மூக்கு என்றாள். பிறகு வழக்கமான கேள்வி.

"பாட்டிலு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பாதிய எடுக்குறீங்கள்ல?"

"எடுக்குறேன்."

இதில் ஒரு பொய்யும் கிடையாது. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

இன்று சாயங்காலம் அவள் வருகிறாள். பஸ்சில் ஏறியதுமே காலையில் கூப்பிட்டுச் சொன்னாள், "டீய மட்டும் போட்டு வைங்க. நான் வந்து பிரெட்டு போடுறேன். ரெண்டு பேரும் நனைச்சுச் சாப்புடுவோம்." எத்தனை வருஷத்து ஆசை ஐயா அது. அதனால்தான் அவள் வருவதற்குள் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று எல்லாவற்றையும் டிரம்மில் சேர்த்து, தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் பால்பாண்டியின் ஜீப்பில் லோடு ஏற்றினேன். மலைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் ஏலத்தோட்டம் இருக்கிறது. குளிரில் இவை கொஞ்சம் அடங்கிக் கிடக்கும், வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியதில்தான் அவை விழித்துக்கொண்டன. வேலைக்குப் போகிற ராக்கு ஒரு டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஆத்தாடி, இது என்னைய தள்ளுது. அண்ணே, உள்ள யார வச்சிருக்கீக?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மூடி எகிறி, பொங்கியது அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் நீங்கள் ஜீப்பை நிறுத்தினீர்கள். அவள் சேலைக்கு நான் பொறுப்பு. மற்றபடி குற்றம் என்று ஏதும் இல்லை. இதையெல்லாம் கேட்டபிறகு இன்னொரு தடவை நுகர்ந்து பார்த்தீர்கள், மாவு புளித்த வாடைதான் என்றீர்கள். விட்டுவிடுவதாகவும் சொன்னீர்கள். ரொம்ப நன்றி.

ஆனால் கடைசியாக, நீங்கள் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டீர்கள். கம்பு மாவு இவ்வளவு பெரிய குமிழி விடுமா, எங்கள் வீட்டில் விடாதே என்றீர்கள். உங்கள் வீட்டம்மா நன்றாகச் சமைப்பார்கள் போலிருக்கிறது.

விடாது ஐயா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பு மாவு தீர்ந்துவிட்டது. மில் பூட்டு, கடைகளும் அடைப்பு. எல்லாம் தொங்கிப்போய், மேலே கருத்த தண்ணீர் கட்டிக் கிடந்தன. பசித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு யாரால் உட்கார்ந்திருக்க முடியும். என் தனி அலமாரியில் சப்பாத்திக்கு வைத்திருந்த கோதுமை மாவு இருந்தது. ஒரே ஒரு பாத்திரத்துக்கு, ஒரே ஒரு கை. அது எழுந்த எழுச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல்தரச் சரக்கு. எங்கள் வியாபாரத்தில் மட்டச் சரக்கைத் தேற்ற நல்ல சரக்கைக் கொஞ்சம் மேலே கலந்துவிடுவோம். கைப்பழக்கத்தில் அதிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்து எல்லாவற்றிலும் கலந்தேன். எல்லாமே எழுந்தன. அதன் பிறகு கம்பு போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மைதாவுக்கு மாறிவிட்டேன்.

எல்லாவற்றிலும் என்றால், சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட பாட்டிலிலும்தான். அதை நான் ஜீப்பில் ஏற்றவில்லை. அது ஷீலாவுடையது. துடைத்து, அடுப்படி ஜன்னலில் அவள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் வந்ததும் அதைத்தான் எடுப்பாள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வைத்தேன். நெட்டு விஷயத்தைக்கூட மன்னித்துவிடுவாள், ஐயா. கோதுமை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இது சாராய ஊறல்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வீட்டு ஜன்னலில் தடயம் ஒன்று இருப்பதாகவும் எழுதி, சாயங்கால பஸ்சுக்கு முன்னால் ஆள் அனுப்பி அந்தப் பாட்டிலைப் பறிமுதல் செய்துவிடுங்கள். புருஷன் சாராயம் காய்ச்சினான் என்றால் ஷீலா நாலு நாள் பேச மாட்டாள், அவ்வளவுதான். அவள் வயிறு பிழைக்கும். அவள் வயிற்றுக்காகத்தானே இத்தனையும் செய்தேன்.

நேரமாகிறது, ஐயா. காலையிலிருந்து டிரம்களுக்கு ஒன்றும் போடவில்லை. பின்பக்கம் சப்பாத்தி தேய்க்கிற சத்தம் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மாவு கிடைக்குமா?